பூட்டு நெளியுது சார்!

காலையில் பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பேப்பரைப் பிரிக்கிற ஆசாமியா நீங்கள்? நல்லது. அது பீட்டா பிளாக்கர் வகையறா என்றால், உள்ளே போய் யாரைப் பார்க்கிறது தெரியுமா? இதய செல்லின் சவ்வில் தலை வெளியே, வால் உள்ளே என்று செருகிக்கொண்டிருக்கும் ரிசப்டர் என்ற புரதத்தை. இன்று விற்கிற மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, ஜி.பி.சி.ஆர். என்ற இந்த ஒரே குடும்பத்து ரிசப்டர்களைத்தான் மொய்க்கிறது. இப்பேர்ப்பட்ட வி.ஐ.பி. நிஜமாகவே இருக்கிறாரா இல்லையா என்று மகா மேதைகள் முக்கால் நூற்றாண்டு சண்டை போட்டார்கள். அதிலும் வேடிக்கை, ‘இருக்கிறார்’ என்ற கட்சியிலேயே பாதிப் பேருக்கு அதில் நம்பிக்கை கிடையாது!

முதல் காட்சி கேம்பிரிட்ஜ். 1870-களின் நடுவில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற இளைஞரிடம் வாத்தியார் மைக்கேல் ஃபாஸ்டர், ஜாபோரண்டி என்ற தென்னமெரிக்கச் செடியின் சாற்றைக் கொடுத்து, “இது என்ன பண்ணுகிறது, பார்” என்ற வேலையை ஒப்படைத்தார். அது எச்சில் ஊறவைத்தது. அட்ரோபின் கொடுத்தால் வாய் வறண்டது. மாற்றி மாற்றிக் கொடுத்தால் எது அதிகமோ அது ஜெயித்தது. பூனைகளின் எச்சிலை அளந்தே லாங்லியின் பொன்னான வாலிபம் போயிற்று. இரண்டு மருந்தும் போய் ஒட்டிக்கொள்ள உள்ளே ஏதோ ஒரு பொருள் இருந்தாக வேண்டும் என்று 1878-இல் எழுதினார். எழுதிவிட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கிடப்பில் போட்டார்!

நடுவில் மனிதர் சும்மா இருக்கவில்லை. 1894-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபிசியாலஜி’ பத்திரிகையையே தன் வசமாக்கிக்கொண்டார். 1925-இல் சாகும்வரை அவரே முதலாளி, அவரே எடிட்டர். அடுத்தவர் கட்டுரையைத் தயவு தாட்சண்யமில்லாமல் வெட்டித் தள்ளுவதில் பெயர்போனவர். 1905-இல் கோழித் தசையில் நிக்கோட்டின் விட்டுப் பார்த்தார். தசை விறைத்தது. க்யூராரே விஷம் கொடுத்தார். விறைப்பு அடங்கியது. தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது செத்த பிறகும் இதே கதை. அப்படியென்றால் மருந்து பேச்சுவார்த்தை நடத்துவது நரம்போடு அல்ல, தசைக்குள் இருக்கும் ‘வாங்கிக்கொள்கிற பொருள்’ ஒன்றோடு என்று அறிவித்தார். எந்தப் பத்திரிகையில் அறிவித்தார் என்கிறீர்களா? சொந்தப் பத்திரிகை இருக்கும்போது ரிஜெக்‌ஷன் பயம் எதற்கு!

அதே காலத்தில் ஜெர்மனியில் பால் ஏர்லிக். நாளொன்றுக்கு இருபத்தைந்து சுருட்டு. சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடியே திரிவார். யோசனை வந்துவிட்டால் சட்டைக் கை, மேஜை விரிப்பு, தரை என்று எது கிடைத்தாலும் அதில் படம் வரைவார். செல்லுக்குக் கைகள் முளைத்திருக்கின்றன, அவை விஷத்தைக் கவ்விப் பிடிக்கின்றன என்பது அவர் சித்தாந்தம். அந்தக் கைகளுக்கு 1900-இல் ரிசப்டர் என்று நாமகரணம் செய்தவரும் அவரே. ஆஹா, லாங்லியும் ஏர்லிக்கும் கைகுலுக்க வேண்டியதுதானே பாக்கி? அங்கேதான் கோளாறு. “என் ரிசப்டர் விஷத்துக்கும் சத்துக்கும்தான். மருந்துக்கெல்லாம் கிடையாது” என்று ஏர்லிக் கறாராக நின்றார். மருந்தைக் கழுவினால் போய்விடுகிறதே, அப்புறம் என்ன ஒட்டல் உறவு என்பது அவர் வாதம்.

1907 வாக்கில் இறங்கி வந்தார். இறங்கி வந்ததோடு நிற்கவில்லை. ஒட்டிக்கொள்ளாத பொருள் வேலை செய்யாது என்று 1913-இல் லத்தீனில் ஒரு சூத்திரமே சொல்லிவிட்டார். மதம் மாறியவர்களுக்குத்தான் பக்தி ஜாஸ்தி! பிற்பாடு ஜெர்மானியர்கள் 200 மார்க் நோட்டில் அவர் படத்தைப் போட்டுக் கௌரவித்தார்கள். சுருட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இந்தக் கதைக்குள் இன்னொரு ஜெர்மானியர் ஒரு பூட்டோடு நுழைகிறார். 1894-இல் எமில் ஃபிஷர், என்சைமும் சர்க்கரையும் பூட்டும் சாவியும்போலப் பொருந்த வேண்டும் என்றார். பேசியது என்சைமைப் பற்றித்தான். ஆனால் உவமை அத்தனை அழகு. மருந்துக்காரர்களும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மருந்து சாவி, ரிசப்டர் பூட்டு, முடிந்தது விஷயம். பூட்டு என்றால் இரும்பு, இரும்பு என்றால் அசையாது. உவமைக்குள் வசதியாக உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்?

ஒருவருக்கு வந்தது. 1958-இல் டேனியல் காஷ்லண்ட் என்ற அமெரிக்கர், சாவி உள்ளே நுழையும்போது பூட்டே வளைந்து கொடுக்கிறது, கை நுழைந்தால் கையுறை உருவம் மாறுவதுபோல என்றார். ஃபிஷரின் பூட்டு எத்தனை காலமாக நிற்கிறது, ஒரு கற்றுக்குட்டியின் ஊகத்துக்கா அது அசையும் என்ற தொனியில் ஒரு ரெஃப்ரீ எழுதியதை, காஷ்லண்டே பின்னாளில் சிரித்துக்கொண்டு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ரெஃப்ரீக்கு ஒரு விவரம் தெரிந்திருக்காது. காஷ்லண்ட், லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. ஃபிட்டிங் விஷயத்திலாவது அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்! நிராகரிக்கப்பட்ட ‘கற்றுக்குட்டி’ 1985-இல் ‘சயின்ஸ்’ பத்திரிகைக்கே எடிட்டராகி, பத்து வருஷம் மற்றவர்களை நிராகரித்துக்கொண்டிருந்தார்.

சரி, ரிசப்டர் கட்சியின் கதி என்ன? இங்கிலாந்தின் ஹென்றி டேல், 1936-இல் நோபல் வாங்கிய பெருந்தலை, இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பார். மருந்து வேலை செய்கிறது என்பதையே வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள், இதில் என்ன விளக்கம் இருக்கிறது என்பது அவர் கட்சி. நியாயமான கேள்விதான். ஆனால் 1906-லேயே எர்காட் என்ற பூஞ்சைச் சரக்கைக் கொடுத்துவிட்டு அட்ரினலின் ஏற்றி, ஏற வேண்டிய ரத்த அழுத்தம் இறங்குவதைப் பார்த்துப் பதிவு செய்தவர் இதே டேல். ஒரே அட்ரினலினுக்கு இரண்டு வகை ரிசப்டர் உண்டு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சாட்சியை மடியில் வைத்துக்கொண்டே ஆள் இல்லை என்று தீர்ப்பெழுதினார்!

எடின்பரோவில் ஏ.ஜே. கிளார்க், வேறு மாதிரி மனிதர். கணக்குப் போட்டார். எத்தனை ரிசப்டரில் மருந்து உட்கார்ந்திருக்கிறதோ அத்தனை பங்கு விளைவு. அழகான சூத்திரம், சுத்தமான வளைகோடு. பிறகு 1954-இல் நெதர்லாந்தின் ஏரியன்ஸும் 1956-இல் ஸ்டீஃபன்சனும் வந்து, சில மருந்துகள் இருக்கையில் ஜம்மென்று உட்காருகின்றன, வேலை மட்டும் அரைகுறை என்றார்கள். உட்காருவது வேறு, வேலை பார்ப்பது வேறு. இதைக் கண்டுபிடிக்க 1954 வரைக்கும் ஆயிற்று என்றால், இவர்களில் யாருமே ஒரு தாலுகா ஆபீஸ் பக்கம் போனதில்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அகஸ்டா நகரம். மாதவிடாய் வலிக்காகக் கருப்பையைத் தளர்த்தும் மருந்து தேடிக்கொண்டிருந்த ரேமண்ட் ஆல்க்விஸ்ட், அட்ரினலினையும் அதன் உறவுக்கார ரசாயனங்களையும் வரிசையாகப் பல உறுப்புகளில் விட்டுப் பார்த்தார். வலிமை வரிசை இரண்டே விதமாக வந்தது. சரி, ரிசப்டர் இரண்டு வகை, ஆல்ஃபா, பீட்டா என்றார். கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. பரிசுப் போட்டிக்கு அனுப்பினார், தோற்றார். கடைசியில் சொந்த ஊர்க் கல்லூரிச் சகா ஒருவரின் தயவில் 1948-இல் வேறொரு பத்திரிகையில் வந்தது. அதையும் ஐந்தாறு வருஷம் யாரும் சீண்டவில்லை.

சீண்டியவர் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர். மாரடைப்பில் தகப்பனாரை இழந்தவர். எல்லோரும் இதயத்துக்கு ஆக்ஸிஜன் சப்ளையைக் கூட்டப் பார்த்தபோது, டிமாண்டைக் குறைத்தால் என்ன என்று தலைகீழாக யோசித்தார். அட்ரினலின் வந்து உட்காரும் பீட்டா ரிசப்டரில் முன்கூட்டியே துண்டு போட்டுவிட்டால் போதுமே! ஆஸ்துமா மருந்து தேடிய எலை லில்லி கம்பெனி, தேறாது என்று ஓரங்கட்டிய ஒரு ரசாயனம் அவருக்கு வழி காட்டியது. ஐ.சி.ஐ. கம்பெனியில் முதலில் செய்த மருந்து எலிகளுக்குக் கட்டி உண்டாக்க, அடுத்ததாக வந்தது ப்ரோப்ரனலால். 1960-களின் நடுவிலிருந்து உலகம் விழுங்கிக்கொண்டிருக்கிறது. 1988-இல் நோபல் செய்தி வந்ததும் கூச்ச சுபாவியான பிளாக், அந்தப் படபடப்புக்குத் தன் பீட்டா பிளாக்கரே கைவசம் இல்லையே என்றாராம்.

ஆல்க்விஸ்ட்? அவருக்கும் பிளாக்குக்கும் சேர்த்து 1976-இல் லாஸ்கர் பரிசு. கைதட்டுங்கள். ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் அவர் எழுதியிருந்தார், ரிசப்டர் என்பது தன்னைப் பொறுத்தவரை வெறும் கற்பனைக் கருத்து, திசுக்களின் போக்கை விளக்குவதற்காக நாம் செய்துகொண்டது என்று. சாமி கும்பிட ஊருக்கே கோயில் கட்டிக் கொடுத்துவிட்டு, நான் நாத்திகன் என்றால் எப்படி!

அவர் அப்படி எழுதிய அதே 1973-இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட் என்ற மாணவி மூளையில் ஓபியம் ரிசப்டரைப் பிடித்தார். வழிகாட்டி சாலமன் ஸ்னைடர் ஆராய்ச்சியை நிறுத்தச் சொன்ன பிறகும், கதிரியக்கம் ஏற்றிய நலாக்ஸோனை வைத்துச் சொல்லாமல் கொள்ளாமல் செய்த சோதனை அது என்று அவரே பிறகு எழுதினார். 1978-இல் இதே கண்டுபிடிப்புக்கு லாஸ்கர் பரிசு வந்தது. ஸ்னைடர் பெயர் இருந்தது, பெர்ட் பெயர் இல்லை. பெர்ட் சும்மா இருக்கவில்லை, கடிதம் எழுதி உலகத்தைக் கூட்டினார். இந்த அமளியில் எல்லோரும் கவனிக்க மறந்த ஒரு சமாசாரம், உப்பு.

ஆமாம், சாதாரண சோடியம். கரைசலில் சோடியம் சேர்த்தால், வலியடக்கும் மார்ஃபின் ரிசப்டரிலிருந்து நழுவுகிறது. அதை முறியடிக்கும் நலாக்ஸோனோ கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. ஒரே ரிசப்டர், ஒரே உப்பு, இரண்டு மருந்துக்கு இரண்டு மரியாதை. அப்படியென்றால் ரிசப்டருக்கு இரண்டு உருவம் இருந்தாக வேண்டும். உப்பு ஓர் உருவத்துக்குக் கட்சி கட்டுகிறது என்று ஸ்னைடர் குழு சரியாகவே ஊகித்தது. நாற்பது வருஷம் கழித்து, 2014-இல், ஓர் ஓபியம் ரிசப்டரை மிகத் துல்லியமாகப் படம் எடுத்தபோது அதன் நடுவயிற்றில் ஒரு சோடியம் அயனி ஹாயாக உட்கார்ந்திருந்தது.

சரி, வெளியே மருந்து தொட்டால் உள்ளே செய்தி எப்படிப் போகிறது? பெதஸ்டாவில் மார்ட்டின் ராட்பெல், ரிசப்டரிலிருந்து குளூககான் ஹார்மோனைக் கழற்ற ஏ.டி.பி. போட்டுப் பார்த்தார். நிறையப் போட்டால்தான் வேலை நடந்தது. கடைசியில் பார்த்தால், வேலை செய்தது ஏ.டி.பி. இல்லை. அந்தப் பாட்டிலில் கலப்படமாக இருந்த துளியூண்டு ஜி.டி.பி.! அந்தக் கலப்படத்தின் வாலைப் பிடித்துப் போனதில்தான் ரிசப்டருக்கும் செல்லுக்கும் நடுவே ஜி-புரோட்டீன் என்ற தரகர் இருப்பது தெரிந்தது. தரகரைப் பிடித்துச் சுத்தம் செய்து காட்டியவர் ஆல்ஃப்ரட் குட்மன் கில்மன். 1994 நோபலில் இருவரும் பங்காளிகள்.

அந்தப் பெயரை இன்னொரு தரம் படியுங்கள். குட்மன், கில்மன்! எம்.பி.பி.எஸ். படித்த யாரைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்கள், அந்த இரண்டு பேர் எழுதிய தலையணை சைஸ் மருந்தியல் புத்தகத்தை நினைத்து. புத்தகம் வெளியான அதே 1941-இல் கில்மனுக்கு மகன் பிறந்தான். கூட எழுதிய நண்பரின் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைத்துவிட்டார். பாடப்புத்தகத்தின் பெயரோடு வளர்ந்த பிள்ளை, அதே பாடத்தில் நோபல் வாங்காமல் வேறென்ன செய்யும்?

இனி ரிசப்டரைக் கண்ணால் பார்க்கிற படலம். டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், இதய நோய் டாக்டர், கதை சொல்வதில் மன்னன். அவரிடம் வந்து சேர்ந்தவர் பிரையன் கோபில்கா. மினசோட்டாவில் பேக்கரிக் குடும்பத்துப் பிள்ளை, பேசவே கூச்சப்படுகிறவர். குடும்பச் செலவுக்காக வார இறுதியில் எமர்ஜென்சி வார்டில் டியூட்டி பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். 1986-இல் மெர்க் கம்பெனி ஆட்களோடு சேர்ந்து பீட்டா-2 ரிசப்டரின் மரபணுவைப் படித்தார்கள். சவ்வுக்குள் ஏழு முறை புகுந்து புறப்படுகிற புரதம். அட, கண்ணில் வெளிச்சத்தை வாங்குகிற ரோடாப்சினும் இதே ஜாடைதானே! இதயம் துடிக்க ஒன்று, கண் பார்க்க ஒன்று. யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய கூட்டுக் குடும்பமே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இன்றைய கணக்கில் மனித உடம்பில் மட்டும் சுமார் 800 உறுப்பினர்கள்.

புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே எடுத்தால் உருவம் தெரிந்துவிடும். கோபில்கா அதில் இறங்கி இருபது வருஷம் போல மல்லுக்கட்டினார். நடுவில் ஒரு பெரிய அறக்கட்டளை இனி காசு கிடையாது என்று கையை விரித்தது. ஏன் படிகம் வரவில்லை? ஏனென்றால் இந்தப் பூட்டு ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை.

கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்த அஞ்சு வயசுப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலே நெளிவான், நடுநடுவே எழுந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டு உட்காருவான். மருந்தே இல்லாமல் ரிசப்டர் அனுப்புகிற செய்தி அதுதான். தவில் சத்தம் கேட்டால் ஓயாமல் ஆடுவான். அட்ரினலின் மாதிரி அகோனிஸ்ட் வந்தால் நடப்பது அது. ஒரு மாமா பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பொத்திவிட்டால் தவில் கேட்காது, ஆனால் அவன் பாட்டுக்கு நெளிவது நெளிவதுதான். அது ஆன்டகோனிஸ்ட். பாட்டி வந்து மடியில் இழுத்துப் போட்டு இறுக்கிக்கொண்டால் நெளிவதும் நின்றுபோகும். அதற்குப் பெயர் இன்வர்ஸ் அகோனிஸ்ட். வெறும் மாமா என்று நாம் நம்பிக்கொண்டிருந்த பல மருந்துகள், உங்கள் ஜலதோஷ மாத்திரை உட்பட, உண்மையில் பாட்டி என்பது 1990-களுக்கு அப்புறம்தான் உறைத்தது.

கோபில்காவும் பாட்டி வைத்தியம்தான் செய்தார். காராசலால் என்ற இன்வர்ஸ் அகோனிஸ்டை வைத்து ரிசப்டரை அடக்கினார். ரொம்ப ஆடுகிற ஒரு பகுதியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வைரஸ் ஒன்றின் கெட்டியான என்சைமைத் தைத்தார். 2007-இல் படம் கிடைத்தது. ஆனால் அது தூங்குகிற போஸ். ஆடுகிற போஸ் வேண்டுமே? அதற்கு உதவ வந்தவர் யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். லாமா! தென்னமெரிக்காவில் சுமை தூக்கிக்கொண்டு எச்சில் துப்புமே, அதே பிராணி. அதன் ரத்தத்தில் கிடைக்கிற குட்டி ஆன்டிபாடிகள், ஆடுகிற போஸிலேயே ரிசப்டரை அப்படியே பிடித்து நிறுத்தின. 2011-இல் ரிசப்டரும் தரகர் ஜி-புரோட்டீனும் கையும் களவுமாக ஒரே படத்தில் மாட்டினார்கள்.

படத்தில் என்ன தெரிந்தது? மேலே மருந்து உட்காரும் பள்ளத்தில் நடந்த மாற்றம் ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம்தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. ஆனால் கீழே, செல்லுக்குள், சவ்வைத் துளைக்கிற ஏழு தண்டுகளில் ஆறாவது 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது. அந்த இடைவெளியில் ஜி-புரோட்டீன் தன் வாலை நுழைத்திருக்கிறது. மேலே லேசாகச் சிமிட்டினால் கீழே வாசலே திறக்கிறது. இந்த லட்சணத்தில்தான் நூறு வருஷமாக அதை இரும்புப் பூட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

2012 நோபல். ஸ்டாக்ஹோமிலிருந்து போன் வந்தபோது லெஃப்கோவிட்ஸ் காதில் அடைப்பான் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி முழங்கையால் இடித்து எழுப்ப வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க சிக்னல் ஆராய்ச்சி, வந்த சிக்னலுக்கு ரிசப்டர் பிளாக்! கோபில்காவோ, யாரோ நண்பர்கள் கலாய்க்கிறார்கள் என்றே நினைத்தார். போனைக் கைமாற்றிக் கைமாற்றி நாலைந்து பேர் பேசினார்கள். அத்தனை பேருக்கும் ஸ்வீடன் உச்சரிப்பு அவ்வளவு பிரமாதமாக வந்ததால்தான் நம்பினாராம்.

லாமாவுக்கு யாரும் போன் செய்யவில்லை.

கதை இங்கேயும் முடியவில்லை. ஒரே ரிசப்டர் ஜி-புரோட்டீனைக் கூப்பிடும், தன்னை அடக்கிவைக்க வருகிற அரெஸ்டின் என்ற புரதத்தையும் கூப்பிடும். எந்த மருந்து எந்த போஸில் நிறுத்துகிறதோ அதைப் பொறுத்து யாருக்கு அழைப்பு என்பது மாறும். 1999-இல் லெஃப்கோவிட்ஸ் கூட்டணி, ஒரு வகை அரெஸ்டின் இல்லாத எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தது. வலி நிவாரணம் இன்னும் பிரமாதம். மூச்சுத்திணறலும் குறைகிறது என்று அடுத்தடுத்த சோதனைகள் சொல்ல, மருந்து உலகம் துள்ளிக் குதித்தது. ஜி-புரோட்டீனை மட்டும் கூப்பிடும் மார்ஃபின் செய்தால் வலியும் போகும், உயிரும் போகாது! கம்பெனி பிறந்தது, ஒலிசெரிடின் என்ற மருந்து பிறந்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2018-இல் முடியாது என்றது, 2020 ஆகஸ்டில் சரி என்றது. அதே 2020-இல் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியாக அதே வகை எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தன. அரெஸ்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலிகளுக்கு ஒரே மாதிரிதான் மூச்சுத் திணறியது.

இப்போது ஒரு கட்சி எலியைக் குறை சொல்கிறது, இன்னொரு கட்சி பழைய சோதனையைக் குறை சொல்கிறது, மூன்றாவது கட்சி ஒலிசெரிடின் ‘பாரபட்சம்’ காட்டவே இல்லை, வெறுமனே மந்தமான மருந்து என்கிறது. கட்டுரைகள் பறந்துகொண்டிருக்கின்றன. ரிசப்டர் தரப்பிலிருந்து மட்டும் இதுவரை மறுப்பறிக்கை எதுவும் வரவில்லை.